ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் ஒரு போன்: எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

கேள்வி கேட்டவர் மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். 2017-ல் ஐபோன் டென் இந்தியாவுக்கு வந்தபோது 64 ஜிபி மாடல் 89,000 ரூபாய். 2025-ல் 17 ப்ரோ 1,34,900 ரூபாய். நடுவில் ஸ்ரீபெரும்புதூரிலேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள், அப்புறமும் விலை ஏன் இறங்கவில்லை, இது நியாயமா என்பது முதல் இரண்டு. “என் நான்கு வருடப் போனை விட்டுவிட்டு 24 மாத இஎம்ஐயில் எடுக்கலாமா” என்பது கடைசி வரி. அவர் உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. இவ்வளவு கொடுத்து வாங்கினால் நான் ஏமாந்தவனா என்ற கேள்வி அது. கடையில் வாரத்துக்கு நாலு பேராவது இதை என்னிடம் கேட்கிறார்கள்.

டிப்ளமோ முடித்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு போன் ஆலையில் ஐந்து வருடம் போர்டு டெஸ்டிங்கில், அதாவது போனுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். 2012 முதல் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் போர்டு சர்வீஸ் செய்கிறேன். அதாவது போன் பிறக்கும் இடத்தையும் பார்த்திருக்கிறேன், அது செத்து வரும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். என் பதில் இதுதான்: போன் வாங்கும்போது கொடுக்கும் அடிப்படை விலை ஏறியதில் பெரும்பகுதிக்குக் காரணம் சொல்ல முடியும். ஸ்டோரேஜ் கூட்டுவதற்கும், உடைந்த பிறகு சரிசெய்வதற்கும் கேட்கிற பணத்துக்கு எனக்குத் தெரிந்து நியாயம் கிடையாது. நம் கோபம் பெட்டியில் ஒட்டிய விலை மேல் போகிறது. போக வேண்டிய இடம் வேறு.

முதலில் சந்தேகமே இல்லாத கணக்கு. அமெரிக்காவில் ஐபோன் டென் 999 டாலர். 2024-ல் வந்த 16 ப்ரோவும் 999 டாலர்தான். ஏழு வருடம் தொடக்க விலை அசையவில்லை. அதே காலத்தில் அந்த நாட்டில் பொதுவான விலைவாசி நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் ஏறியது. ஆக, அமெரிக்கருக்கு அந்தப் போன் உண்மையில் மலிவாகியிருக்கிறது. நம் ஊரிலும் 2017-க்கும் 2025-க்கும் இடையே விலைவாசி 40 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. 89,000-ஐ அதே அளவுக்கு ஏற்றிப் பாருங்கள், ஒன்றேகால் லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 2017-ல் கொடுத்தது 64 ஜிபி, இப்போது கொடுப்பது 256 ஜிபி. எனவே “அநியாயத்துக்கு ஏற்றிவிட்டார்கள்” என்ற வார்த்தை அடிப்படை மாடலுக்கு அப்படியே பொருந்தாது.

நமக்கு ஏன் வலிக்கிறது என்றால் டாலர் விலை நின்றாலும் ரூபாய் நிற்கவில்லை. 2017 கடைசியில் ஒரு டாலர் 65 ரூபாய்க்குள், 2023-ல் 83. வரியும் ஏறியது. போனுக்கான ஜிஎஸ்டி 2020 ஏப்ரல் 1 முதல் 12-லிருந்து 18 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பரில் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் 28-லிருந்து 18-க்கு இறக்கினார்கள், போன் 18-லேயே நிற்கிறது. சுங்க வரி 2017 டிசம்பரில் 15, 2018 பட்ஜெட்டில் 20 என்று ஏறி, 2024 ஜூலையில்தான் மறுபடி 15-க்கு வந்தது. 1,34,900-ல் ஜிஎஸ்டி மட்டும் 20,578 ரூபாய். அமெரிக்காவில் சொல்லும் 999 டாலரில் விற்பனை வரி சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே மாமா வீட்டிலிருந்து கொண்டுவரும் போனோடு நம் விலையை ஒப்பிடும்போது பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி ஸ்ரீபெரும்புதூர் விஷயம். 2024-ல் 16 ப்ரோவை இந்தியாவிலேயே அசெம்பிள் செய்ய ஆரம்பித்தார்கள். 999 டாலரை 84 ரூபாயால் பெருக்கினால் சுமார் 83,900. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 99,000. இங்கே விற்ற விலை 1,19,900. அதே போனை முழுசாக இறக்குமதி செய்து, சுங்க வரி, அதன் மேல் கூடுதல் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் முழு விலைக்கே கட்டியிருந்தால் 1,15,000 சொச்சம் வரும். அதாவது இங்கே செய்த பொருளுக்கு இறக்குமதிப் பொருளின் விலையைவிடக் கூடுதலாகவே வைத்திருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு, வெளியிலிருந்து வரும் பாகங்களுக்குக் கட்டும் வரி. டிஸ்ப்ளே, பிராசசர், மெமரி, கேமரா என்று காசு நிறையப் பிடிக்கும் பாகங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றன. இன்னொரு பங்கு ரூபாய் விழுந்தால் சமாளிக்க முன்கூட்டியே சேர்த்துக்கொள்வது. மீதி, இந்த விலைக்கும் இங்கே வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்து வைப்பது. மூன்றும் எந்த விகிதத்தில் என்று கம்பெனி வெளியிடுவதில்லை. அதனால் அதைப் பிரித்துச் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள்.

அசெம்பிளிக் கூலி பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நானே லைனில் நின்றவன் என்பதால். ஒரு விலையுயர்ந்த போனில் அசெம்பிளிக்கு ஆகும் செலவு சிறு துளி. பக்கத்து ஊரில் செய்வதால் போன் மலிவாகும் என்று எதிர்பார்ப்பது, உள்ளூர் டெய்லர் தைத்ததால் பட்டுத் துணி மலிவாகும் என்று எதிர்பார்ப்பது போல. ஆலை வந்ததால் வேலை வந்தது, ஆயிரக்கணக்கான பெண்கள் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். அது பெரிய விஷயம். விலை குறைவது அதில் சேராது.

உள்ளே பொருள் ஏறியிருக்கிறதா என்றால் ஏறியிருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். 2012-ல் என் மேசைக்கு வந்த போன்களில் கேமரா என்பது சுண்டுவிரல் நகத்தளவு ஒரு பிளாஸ்டிக் டப்பா, கிளிப்பை எடுத்தால் கையோடு வந்துவிடும். இன்றைய மேல்தட்டுப் போனைத் திறந்தால் மூன்று லென்ஸ் கொண்ட கேமரா தொகுதி போனின் மேல் பாதியில் பெரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு கனமாக உட்கார்ந்திருக்கும், உள்ளே நடுக்கத்தைச் சமாளிக்கும் காந்தமும் சுருளும். ஐபோன் டென் மாடலில் இரண்டு போர்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒட்டினார்கள். அதைப் பிரிக்க ப்ரீஹீட்டரில் வைத்து, சூடு ஏறியதும் ஒரே தூக்காக நேராகத் தூக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பக்கத்தில் மிளகைவிடச் சின்னதாக இருக்கும் கெபாசிட்டர்கள் வரிசையாக நகர்ந்துவிடும். இத்தனை நெருக்கமாகச் செய்ய ஆகும் இயந்திரச் செலவு பொய்யல்ல. பிராசசரும் அப்படித்தான். அதன் நுணுக்கத்தைச் சொல்லும் எண் 2017-ல் 10 நானோமீட்டர், 2023-ல் 3 நானோமீட்டர். எண் சிறுக்கச் சிறுக்க நுணுக்கம் கூடுதல். இந்த நுணுக்கத்தில் சிப் அச்சடிக்கும் இயந்திரத்தை உலகத்திலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒரு கம்பெனிதான் செய்கிறது, ஒன்றின் விலை 15 கோடி டாலருக்கு மேல். முன்பெல்லாம் சிப் சிறுத்தால் விலையும் சிறுக்கும். இப்போது சிறுக்கச் சிறுக்கச் செலவு கூடுகிறது.

ஆனால் செலவு ஏறியதுதான் முழுக் காரணம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆப்பிள் பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் ஆண்டறிக்கையே இதற்குச் சாட்சி. பொருள்கள் விற்பனையில் மொத்த லாப விகிதம், அதாவது விற்ற பணத்தில் பொருளைச் செய்த செலவு போக மிஞ்சும் பங்கு, 2020 நிதியாண்டில் 31.5 சதவீதம், 2024-ல் 37.2 சதவீதம். செலவு கழுத்தை நெரித்திருந்தால் இந்த எண் இறங்கியிருக்க வேண்டும், ஏறியிருக்கிறது. இதில் கணினியும் டேப்லெட்டும் கடிகாரமும் சேர்ந்திருப்பதால் போனுக்கு மட்டும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது, திசையைச் சொல்லலாம். ஆராய்ச்சிச் செலவு 2017-ல் 1,160 கோடி டாலராக இருந்தது 2024-ல் 3,140 கோடி ஆனது, அதை மறுக்கவில்லை. அதே 2024-ல் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க ஏறக்குறைய 9,500 கோடி டாலர் செலவழித்தார்கள். ஆராய்ச்சிக்குப் போனதைப் போல மூன்று மடங்கு. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கேமராவாக மாறித் திரும்பி வருவதில்லை.

அடிப்படை விலையே கையைக் கடித்த இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் ஆப்பிளைக் காட்ட மாட்டேன், ஒன்பிளஸைக் காட்டுவேன். 2014 டிசம்பரில் ஒன்பிளஸ் ஒன் 64 ஜிபி இந்தியாவில் 21,999 ரூபாய்க்கு வந்தது. அந்த வருடத்தின் மேல்தட்டு பிராசசர், நல்ல திரை. என் கடைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தார்கள். 2018-ல் ஒன்பிளஸ் 6-க்கு 34,999. 2024 ஜனவரியில் ஒன்பிளஸ் 12-க்கு 64,999. பத்து வருடத்தில் மூன்று மடங்கு, விலைவாசி அதில் பாதிகூட ஏறவில்லை. பொருளும் தரமாகியிருக்கிறது, உண்மை. ஆனாலும் முதலில் லாபத்தைக் குறைத்து நம்மை உள்ளே இழுத்து, பழகிய பிறகு அடுத்த படிக்கு ஏறினார்கள் என்பதுதான் என் கணிப்பு. கீழே நின்று போட்டி போட ஒரு ஆள் இருந்தவரை மற்றவர்களுக்கும் கொஞ்சம் பயம் இருந்தது. டிவியைப் பாருங்கள். 2008 வாக்கில் 32 இன்ச் எல்சிடிக்கு நாற்பதாயிரம் கொடுத்தோம், இன்று அதைவிடப் பெரிய 4கே டிவி இருபத்தைந்தாயிரத்துக்குள் கிடைக்கிறது. ஒரே பேனலை வாங்கி டஜன் கம்பெனிகள் டிவி செய்வதால் வந்த மலிவு அது. லட்ச ரூபாய்க்கு மேலே உள்ள போனில் அந்த நெரிசல் இல்லை, பெரும்பாலும் ஆப்பிள், சாம்சங் என்று இரண்டு பேர்தான்.

இனி எனக்குக் கோபம் வரும் இடம். 2023 செப்டம்பரில் ஐபோன் 15 ப்ரோ 128 ஜிபி 1,34,900. அதே போன் 1 டிபி, அதாவது சுமார் ஆயிரம் ஜிபி, 1,84,900. கேமரா அதே, திரை அதே, பேட்டரி அதே. வித்தியாசம் ஒரு மெமரி சிப்பின் கொள்ளளவு, அதற்கு ஐம்பதாயிரம். அதே மாதம் ரிச்சி தெருவில் லேப்டாப்பில் தகவலைச் சேமிக்கும் 1 டிபி எஸ்எஸ்டி ஆறாயிரம் ரூபாயைச் சுற்றி விற்றது. அடிப்படையில் அதே வகை நினைவகம்தான். போனுக்குள் போவது சிறிய உறையில் வருகிறது, கொஞ்சம் விலை கூடும், சரி. எட்டு மடங்கு கூடாது. யானையே வாங்கிவிட்டாய், அங்குசத்துக்கா கணக்குப் பார்க்கிறாய் என்று வாங்குபவன் மனதுக்குள் ஒரு குரல் கேட்குமே, அந்தக் குரலுக்குப் போட்ட விலை அது. ஐபோனில் மெமரி கார்டு போடும் பொந்தே கிடையாது என்பதால் வேறு வழியும் இல்லை.

இப்போது விலையேற்றத்துக்கு மெமரித் தட்டுப்பாடு என்று காரணம் சொல்கிறார்கள். அது உண்மைதான். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு மெமரி அள்ளப்படுவதால் 2025 கடைசியில் விலை பறந்தது. மைக்ரான் கம்பெனி தன் க்ரூஷியல் பிராண்டில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. எங்கள் தெருவில் ரேம் விலையைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொன்ன நாட்கள் உண்டு. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2022, 2023-ல் இதே மெமரி விலை அதலபாதாளத்துக்குப் போனது. 2023 முதல் காலாண்டில் சாம்சங்கின் சிப் பிரிவு 4.58 லட்சம் கோடி வோன் நஷ்டம் காட்டியது. நான் சொன்ன ஐம்பதாயிரம் வித்தியாசம் அதே வருடத்தில் வைத்த விலை. ஏறும்போது நம் தலையில் ஏற்றுகிறார்கள், இறங்கும்போது நமக்கு ஒன்றும் இறங்குவதில்லை. இதை நியாயம் என்று யாரும் எனக்கு விளக்க முடியாது.

அதைவிட மோசம் சர்வீஸ். போன வருடம் ஒரு தம்பி வந்தார், பைக் டாக்சி ஓட்டிக்கொண்டே படிக்கிறவர். எழுபதாயிரம் ரூபாய்ப் போன், கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, இரண்டரை வருடத்தில் திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் திரை மாற்ற இருபத்து நாலாயிரம் கேட்டிருக்கிறார்கள். “அண்ணே, இன்னும் நாலு டியூ பாக்கி இருக்கு” என்றார். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஓஎல்இடி திரையின் கீழ் ஓரத்தில் முடியைவிட மெல்லிய தடங்கள் வளைந்து உள்ளே போகும், அதில் ஒன்றோடு இணைப்பு விட்டிருந்தது. அதைத் தனியாகச் சரிசெய்து உத்தரவாதம் கொடுக்க என்னால் முடியவில்லை, உண்மையைச் சொல்லி அனுப்பினேன். கண்ணாடியோடு சேர்ந்த திரை, அதாவது டிஸ்ப்ளே காம்போ, வெளிக்கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் நிறம் மங்கும், கைரேகை வேலை செய்யாமல் போகலாம். கோட்டோடுதான் இப்போதும் அந்தப் போனை வைத்திருக்கிறார்.

பழுது பார்க்கும் விலையை வேறு மாதிரி அமைக்க முடியாதா என்றால் முடியும், ஆப்பிளே நிரூபித்திருக்கிறது. ஐபோன் டென் மாடலில் பின்பக்கக் கண்ணாடி உடைந்தால் அமெரிக்காவில் கேட்டது 549 டாலர், ஏனென்றால் கண்ணாடியை உடலோடு ஒட்டியிருந்தார்கள். 15 ப்ரோவில் அந்தக் கண்ணாடியைத் தனியாகக் கழற்றும்படி வடிவமைத்தார்கள், 169 டாலர் ஆனது. திரை மட்டும் 279-லிருந்து 329-க்கு ஏறியது, போன் விலையில் மூன்றில் ஒரு பங்கு. பழுது பார்க்கும் செலவு இயற்கையாக வருவதில்லை, வரைபடம் போடும் மேசையில் முடிவாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டு முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் திறந்தார்கள். அதில் தகவல் கிடைக்கும், பாகத்தின் விலைக்குக் கடிவாளம் கிடையாது.

இனி கேட்டவரின் சொந்தக் கணக்கு. “விலை அதிகம்தான், ஆனால் ஏழு வருடம் ஓடும், அதனால் கடைசியில் லாபம்” என்று சொல்வார்கள். ஓடும் என்பது சரி, நன்றாக வைத்துக்கொண்ட போன்கள் ஓடுவதைப் பார்க்கிறேன். லாபம் என்பது சரியில்லை. 1,34,900-ஐ ஏழால் வகுத்தால் வருடத்துக்கு 19,000-க்கு மேல், நடுவில் ஒருமுறையாவது பேட்டரி தனி. இருபத்தைந்தாயிரம் போனை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் வருடத்துக்கு 8,300. கடைசியில் பழைய போனை முப்பதாயிரத்துக்கு விற்றாலும் விலை உயர்ந்த போன் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில்தான் நிற்கும். வீடியோ எடுத்துப் பிழைக்கிறவருக்கு அந்த வித்தியாசம் முதலீடு. மற்றவர்களுக்கு அது ஆசைக்குக் கொடுக்கும் பணம். ஆசைக்குக் கொடுப்பதில் தப்பில்லை, சேமிப்பு என்று பெயர் வைத்துக் கொடுக்க வேண்டாம்.

24 மாத இஎம்ஐ என்றால் மாதம் 5,621. வட்டியில்லா இஎம்ஐ என்று போட்டிருந்தாலும் வங்கி வட்டி போடும், அந்த அளவைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கழிப்பார். கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் செயல்பாட்டுக் கட்டணமும் உங்கள் கணக்கில்தான் விழும். மொத்தப் பணம் கொடுத்தால் கிடைக்கும் கார்டு தள்ளுபடி கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் நான்கு வருடப் போனுக்கு என்ன குறை என்று நீங்கள் எழுதவில்லை. சார்ஜ் நிற்கவில்லை, சூடாகிறது, மெதுவாகிறது என்பதுதான் குறை என்றால் அது பெரும்பாலும் பேட்டரி, சில ஆயிரத்தில் முடியும். 2017 டிசம்பரில் ஆப்பிளே பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தைக் குறைத்ததை ஒப்புக்கொண்டு, மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29-க்கு இறக்கியது. அதற்கு அடுத்த வருடம் புதுப் போன் விற்பனை குறைந்ததற்கான காரணங்களில் அந்த மலிவு பேட்டரியையும் ஒன்றாக அப்போது அவர்களின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக் எழுதினார். பேட்டரியை மாற்றிவிட்டு ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், கடைக்குப் போவதற்கு முன்னால் அந்த மாடலின் திரைக்கும் பேட்டரிக்கும் சர்வீஸ் சென்டரில் என்ன விலை என்று கேட்டு, போன் விலைக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.